சிவப்பு ஈஸ்டின் சாறு உடம்புக்கு நல்லதா? ரோடோடோருலா: ஒரு நிகழ்வு ஆய்வு

குளியலறை வாளியை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் கோட்டை ஒட்டி வழவழவென்று ரோஸ் நிறத்தில் ஒரு படலம் படியும். பல வீடுகளில் அது செராட்டியா என்ற பாக்டீரியாவின் வேலை. சில வீடுகளில் அது ஓர் ஈஸ்ட். பெயர் ரோடோடோருலா. தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பழச்சாறு, மண், கடல்நீர், இலையின் மேல்பரப்பு என்று எங்கும் இருப்பது. ஆய்வகத்தில் வேறு எதையோ வளர்க்க வைத்த அகார் தட்டில் வந்து குந்திக்கொள்வதும் அடிக்கடி இதுதான். இரண்டு மூன்று நாளில் பவழ நிறத்தில் பளபளக்கும் சொட்டுகள் தெரியும். ஊசியால் தொட்டால் சிலது சளி மாதிரி இழுபடும்.

இந்த ஈஸ்டின் சாற்றைத்தான் இப்போது புற்றுநோய், கல்லீரல், தோல், முதுமை என்று பல பெயர்களோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு நிற்கும் என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாற்றில் இருக்கும் பொருள்கள் சுவாரசியமானவை. அவற்றை மருந்து என்று அழைக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. 'ஆரோக்கியம்' என்ற சொல் இந்தக் கதைக்குள் நுழைந்த வாசல் கணக்குப் புத்தகம். அது எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் என்று கடைகளில் விற்கும் 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' வேறு சங்கதி. அது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது. அதில் உள்ள மொனகோலின் கே, மருந்துக்கடையில் கிடைக்கும் லோவாஸ்டாட்டினேதான். பெயரில் ஈஸ்ட் என்று இருந்தாலும் அது ஈஸ்ட்டும் இல்லை, ரோடோடோருலாவுக்கு உறவும் இல்லை. இரண்டையும் கலந்து எழுதிய விளம்பரம் கண்ணில் பட்டால் அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

எண்ணெய்க் கணக்கு

உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்க்கும் ஈஸ்ட்களை எண்ணெய் ஈஸ்ட் என்று தனி வகையாக வைக்கிறார்கள். ரொட்டி ஈஸ்ட் அந்தப் பட்டியலில் வராது. ரோடோடோருலா குடும்பத்தில் பல வரும். அதிலும் டோருலாய்டஸ் என்ற இனம் பெரிய சேமிப்பாளி. 1967-ல் ஜப்பானில் பான்னோ என்ற ஆய்வாளர் இதன் பால் இனப்பெருக்க நிலையைக் கண்டுபிடித்து ரோடோஸ்போரிடியம் என்று பெயரிட்டார். 2015-ல் நடந்த வகைப்பாட்டு மாற்றத்தில் அது மறுபடி ரோடோடோருலாவுக்குள்ளேயே வந்துவிட்டது. பெயர்ச் சிக்கல் இதோடு தீரவில்லை. பழைய கட்டுரைகளில் 'குளூட்டினிஸ்' என்ற ரோடோடோருலா இனமாகப் போட்டிருக்கும் ஈஸ்ட்களில் பல, டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு இனமாக இருக்கின்றன. ஒரு கட்டுரையின் முடிவை இன்னொன்றின் ஈஸ்டுக்குப் பொருத்தும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் சேர வைக்கும் தந்திரம் பட்டினிதான், ஆனால் பாதிப் பட்டினி. சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் தீரவிட வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, செல் பிரிந்து பெருக முடியாது. சர்க்கரையோ கண்ணெதிரே மிச்சம் கிடக்கிறது. நைட்ரஜனுக்குத் தவிக்கும் செல், தன்னிடம் உள்ள ஏஎம்பி என்ற மூலக்கூறையே உடைத்து அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஏஎம்பி குறைந்ததும் மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரிக் அமிலச் சுழற்சி நடுவழியில் மந்தமாகிறது. சிட்ரேட் தேங்கி வெளியே வழிகிறது. அதை ஒரு நொதி வெட்டி அசிட்டைல் கோஏ ஆக்குகிறது. கொழுப்பு கட்டுவதற்கான செங்கல் அதுதான். அறுவடை மிஞ்சிய வீட்டில் நெல்லைக் குதிரில் கொட்டுவது மாதிரி, செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் நிறைகின்றன. நைல் ரெட் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் துளிகள் பொன் மஞ்சளாக ஒளிரும். சில செல்களில் துளியைத் தவிர வேறு இடமே இல்லாத மாதிரி இருக்கும்.

இந்த எண்ணெயில் ஒலிக் அமிலம்தான் அதிகம், அடுத்து பால்மிடிக், லினோலிக். ஏறக்குறைய பாமாயிலின் சாயல். போர்க்காலக் கொழுப்புத் தட்டுப்பாட்டை ஒட்டி, 1946-லேயே ஸ்வீடனில் ரோடோடோருலாவிலிருந்து கொழுப்பு எடுப்பது பற்றிய ஆய்வு வெளிவந்தது. 2007-ல் சீனாவின் டாலியன் நகர ஆய்வுக்குழு ஒன்று, 15 லிட்டர் கலனில் டோருலாய்டஸை வளர்த்து, லிட்டருக்கு 106.5 கிராம் உலர் ஈஸ்ட்டும் அதில் 67.5 சதவீதம் எண்ணெயும் எடுத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அபாரம்.

வியாபாரமாகப் பார்த்தால் உதைக்கிறது. கோட்பாட்டின்படியே ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து கிட்டத்தட்ட 0.33 கிராம் எண்ணெய்தான் வரும். நடைமுறையில் 0.2 தாண்டினாலே நல்ல விளைச்சல். அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு நாலைந்து கிலோ சர்க்கரை. அப்புறம் கலன், காற்று, குளிரூட்டல், பிரித்தெடுப்பு. பாமாயிலோடு இது எங்கே போட்டி போட? அதனால்தான் சர்க்கரைக்குப் பதில் மொலாசஸ், பயோடீசல் ஆலையின் கழிவுக் கிளிசரால், பாலாடைக்கட்டி ஆலையின் மோர்நீர், உருளைக்கிழங்கு ஆலையின் கழிவுநீர் என்று மலிவான தீனி தேடினார்கள். அதுவும் போதாதபோது, எண்ணெயோடு சேர்ந்து வரும் சிவப்பு நிறத்தைத் தனியாக விற்க முடியுமா என்று பார்த்தார்கள். நிறமிக்கு எண்ணெயைப் போலப் பல மடங்கு விலை. வெறும் நிறம் என்று விற்பதைவிட ஆரோக்கியம் தரும் நிறம் என்றால் இன்னும் விலை. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை வரிசையாக வாசித்தால் இந்த நகர்வு தெரியும். முதலில் பயோடீசல், பிறகு மதிப்புக் கூட்டல், கடைசியில் புற்றுநோய். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் மருத்துவக் கேள்வி எங்கே பிறந்தது என்று தெரிந்தால், பதிலை எவ்வளவு சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

நிறம் யாருக்காக?

ரோடோடோருலாவின் சிவப்பில் முக்கியமாக நாலு பேர், எல்லாம் கரோட்டினாய்டு என்ற நிறமி வகை: பீட்டா கரோட்டின், காமா கரோட்டின், டோருலீன், டோருலரோடின். முதலாவது கேரட்டில் இருப்பதுதான். கடைசி இரண்டும் காய்கறியில் கிடைக்காதவை. டோருலரோடின் 1930-களிலேயே பிரித்தெடுக்கப்பட்ட பழைய ஆள். பீட்டா கரோட்டினில் 11 இரட்டைப் பிணைப்புகள் தொடராக நிற்கின்றன, டோருலீனில் 13. தொடர் நீண்டால் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்பை நோக்கி நகரும், தாக்க வரும் ஆக்சிஜனை அடக்கும் திறனும் பொதுவாகக் கூடும். கூடவே ஒரு முனையில் பீட்டா வளையம் இருப்பதால், இவை உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் வாய்ப்பும் உண்டு.

ஈஸ்ட் இதை நமக்காகச் செய்யவில்லை. அர்ஜென்டினாவின் பரிலோச்சே நகர ஆய்வாளர்கள் பட்டகோனிய ஏரிகளில் கிடைத்த ரோடோடோருலா ஈஸ்ட்களை எடுத்துப் பார்த்தபோது, டோருலரோடின் கூடுதலாக வைத்திருப்பவை புற ஊதா பி கதிரை நன்றாகத் தாங்குகின்றன என்று கண்டார்கள். வெயிலுக்கு ஈஸ்ட் போட்டுக்கொண்ட சட்டை அது. இந்தச் சான்று வலுவானது. ஆனால் இது ஈஸ்டின் ஆரோக்கியத்துக்கான சான்று. அதிலிருந்து மனிதனுக்குத் தாவும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது

'சாறு' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கரும்பைப் பிழிவது மாதிரி ஈஸ்டைப் பிழிய முடியாது. செல் சுவர் கெட்டி. முதலில் அதை உடைக்க வேண்டும்: கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்குவது, உயர் அழுத்தத்தில் நெருக்குவது, சூடான அமிலம், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். பிறகு அசிட்டோன், எத்தில் அசிட்டேட், ஹெக்சேன், எத்தனால் இவற்றில் ஒன்றால் கழுவினால் கரைப்பான் செம்மஞ்சளாகிறது, அடியில் வெளுத்த சக்கை தங்குகிறது. கரைப்பானை ஆவியாக்கினால் குடுவையின் சுவரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் சாறு.

அந்தப் பிசுக்கில் பெரும்பங்கு கொழுப்பு. கூடவே பாஸ்போலிப்பிட்கள், பூஞ்சைகளின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டிரால். நிறமி மிகச் சொற்பம். ஒரு கிராம் உலர் ஈஸ்டில் சில நூறு மைக்ரோகிராம் நிறமி கிடைத்தாலே நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் பச்சைக் கேரட்டில் இருக்கும் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டினுக்கு ஈடான எடை நிறமி வேண்டுமென்றால் 40 கிராம் உலர் ஈஸ்டைக் கரைக்க வேண்டும். 'சாறு இதைச் செய்தது' என்று ஒரு கட்டுரை சொன்னால், சாற்றில் எது செய்தது என்ற கேள்வி உடனே எழ வேண்டும். ஒலிக் அமிலமா, எர்கோஸ்டிராலா, டோருலரோடினா, போகாமல் தங்கிய கரைப்பானா?

சான்றுப் படிகள்

முதல் படி, சோதனைக் குழாய். பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் இருக்கின்றன. டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றைச் சேர்த்து, அரைமணி நேரம் இருட்டில் வைத்து, ஊதா எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டரில் அளப்பார்கள். வெளுத்தால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டோருலரோடின் ஒளியை உறிஞ்சுவதும் 500 நானோமீட்டரை ஒட்டித்தான். சாற்றின் சொந்த நிறமே அளவீட்டின் மேல் வந்து விழுகிறது. சாறு மட்டும் உள்ள கரைசலைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் சாறு நோஞ்சானாகத் தெரியும். தப்பாகக் கழித்தால் பயில்வான் ஆகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், கரோட்டினாய்டுகளின் உண்மையான கைவரிசை ஒளியால் தூண்டப்பட்ட ஆக்சிஜனை அடக்குவதில் இருக்கிறது. டிபிபிஹெச் அதை அளப்பதே இல்லை. மலிவான, ஒரு நாளில் முடியும் சோதனை என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் படி, செல்களும் கிருமிகளும். ருமேனியாவில் டோருலரோடினுக்குக் கிருமியைத் தடுக்கும் தன்மை இருப்பதாகக் காட்டி, டைட்டானியம் பரப்பின் மேல் அதைப் பூசிப் பார்த்தார்கள். உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் கிருமிப் படலம் ஒட்டாமல் செய்யலாமா என்ற யோசனை. சாப்பிடும் யோசனையைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது: பொருள் வேண்டிய இடத்தில், வேண்டிய செறிவில் இருக்கும். வயிற்றில் போட்டால் அந்த உத்தரவாதம் இல்லை. கரோட்டினாய்டு கொழுப்போடு சேர்ந்து பித்த நீரில் கரைந்து குடல் சுவரைத் தாண்டிப் போக வேண்டும். சாதாரணமாகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் பீட்டா கரோட்டினே பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலார் செறிவுக்குக் கீழேதான் இருக்கும். செல் வளர்க்கும் தட்டில் அதைப்போல ஐம்பது மடங்கு ஊற்றிப் புற்றுநோய்ச் செல் செத்தது என்றால், அது தட்டைப் பற்றிய செய்தி.

மூன்றாம் படி, எலி. இங்கே உருப்படியான வேலைகள் சில உண்டு. மனித புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களைப் பொருத்திய சுண்டெலிகளில் டோருலீனும் டோருலரோடினும் கட்டியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தியதாக 2016-ல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கல்லீரல் பாதிப்பை உண்டாக்கிய எலிகளில் டோருலரோடின் பாதுகாத்ததாகவும் அங்கிருந்தே பின்னர் ஒன்று வந்தது. நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. மைசூரில் உள்ள, ராணுவத்துக்கான பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்களும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் டிஎஃப்ஆர்-பிடிஒய் என்ற குளூட்டினிஸ் வகை ஒன்றின் நிறமி உற்பத்தியை ஆராய்ந்து 2005-ல் எழுதினார்கள். அந்த நிறமியை 13 வாரம் எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்த நச்சுச் சோதனை 2012-ல் வெளியானது. குறிப்பிடத்தக்க பாதிப்பு தென்படவில்லை. என்னைக் கேட்டால், 'புற்றுநோயை அழிக்கும்' என்று ஆரவாரம் செய்யும் பத்துக் கட்டுரைகளைவிட இந்த ஒன்று பயனுள்ளது. உணவு நிறமாக ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து செய்தே தீர வேண்டிய அலுப்பான வேலை அது.

நான்காம் படி மனிதன். டோருலரோடினுக்கான சான்று அதற்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

பின்லாந்தில் நடந்தது

எலி வரை நல்லது என்றால் மனிதனுக்கும் நல்லதுதானே, என்ன மோசம் போய்விடும்? இந்தக் கேள்விக்கு இதே சாற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினே பதில் சொல்லிவிட்டது. காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததும், அதிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரை உள்ள, புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் சோதனையில் சேர்ந்தார்கள். பீட்டா கரோட்டின் தினம் 20 மில்லிகிராம், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் சாவு 17 சதவீதமும் கூடியதால், 1996-ல் திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். இவர்கள் புகைபிடித்தவர்கள் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தூசில் வேலை செய்தவர்கள்.

ஏன் இப்படி? புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டினாய்டே ஆக்சிஜனேற்றமாகி உடைந்து, அந்தத் துண்டுகள் செல்களின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன என்பது ஏற்கப்பட்ட ஒரு விளக்கம். பெரட் என்ற கீரியை ஒத்த விலங்குக்குப் புகையும் அதிக அளவு பீட்டா கரோட்டினும் சேர்த்துக் கொடுத்தபோது நுரையீரல் திசு புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைக் காட்டியது. கண் நோய்க்கான அமெரிக்கச் சோதனையின் இரண்டாம் கட்டத்திலும், 2013-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், சீயாசாந்தின் என்ற வேறு இரண்டு கரோட்டினாய்டுகள் பரிந்துரைக்கப்பட்டன.

கேரட் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய கரோட்டினாய்டு மாத்திரையை, பீட்டா கரோட்டினைவிட ஆக்சிஜனோடு வேகமாக வினைபுரியும் ஒரு மூலக்கூறை, 'இயற்கையானது' என்று சொல்லிக் கொடுக்கும்போதுதான் கவலை.

மீனுக்குப் போன சிவப்பு

ரோடோடோருலா அல்லாத வேறொரு சிவப்பு ஈஸ்ட் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணெயில் அது சுமார்தான், நிறத்தில் கெட்டி. கலிபோர்னியாவின் டேவிஸில் பேராசிரியராக இருந்த டச்சுக்காரர் ஹெர்மன் ஃபாஃப், 1960-களின் பிற்பகுதியில் ஜப்பான் மலைகளிலும் அலாஸ்காவிலும் மரப்பட்டை வெடித்து வழியும் சாற்றில் அதைக் கண்டெடுத்தார். அவர் பெயராலேயே ஃபாஃபியா ரோடோசைமா என்று 1976-ல் பெயர் வந்தது. அதே ஆண்டு அதன் நிறமி அஸ்டாசாந்தின் என்று தெரிந்தது. இறாலையும் சால்மனையும் சிவக்க வைப்பது அதுதான். பண்ணைச் சால்மனுக்குத் தீனியில் அஸ்டாசாந்தின் கொடுக்காவிட்டால் சதை வெளிறிப் போகும். ஆக வாங்குபவர் தயாராக இருந்தார்.

ஆனால் ஈஸ்டை அப்படியே மீனுக்குப் போட்டபோது நிறம் ஏறவில்லை. செல் சுவரை உடைத்துக் கொடுத்த பிறகுதான் ஏறியது. மேலே கண்ணாடி மணிகளைப் பற்றிச் சொன்னேனே, அதே சுவர்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000-ல் இதைச் சால்மன் வகை மீன் தீனிக்கு அனுமதித்தது: கொல்லப்பட்ட, உலர்த்திய செல்கள், அஸ்டாசாந்தின் குறைந்தது 0.4 சதவீதம், தீனியில் கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அனுமதி நிறத்துக்கு. ஆரோக்கியம் பற்றி அதில் பேச்சே இல்லை. மனிதர்கள் சாப்பிடும் அஸ்டாசாந்தின் மாத்திரைகள் பெரும்பாலும் ஹெமட்டோகாக்கஸ் என்ற பாசியிலிருந்து வருபவை. அதன் மூலக்கூறும் ஃபாஃபியாவின் மூலக்கூறும் வலக்கை, இடக்கை போல எதிரெதிர் அமைப்பு. பாசியின் சோதனை முடிவை ஈஸ்டின் புட்டியில் ஒட்டுவது சரியல்ல.

'கொல்லப்பட்ட' என்ற சொல்லும் சும்மா போட்டதல்ல. உயிரோடு இருக்கும் ரோடோடோருலா, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் ரத்தத்தில் புகுந்து தொற்றை உண்டாக்கும். குறிப்பாக மியூசிலாஜினோசா என்ற இனம், பெரிய ரத்தக் குழாயில் நீண்ட நாள் குழாய் செருகியிருக்கும் புற்றுநோய் நோயாளிகளிடம். பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர்கள் முதலில் எடுக்கும் ஃபுளுகோனசோல் இதனிடம் எடுபடாது, எக்கினோகேண்டின் வகையும் எடுபடாது; ஆம்போடெரிசின் பிக்குப் போக வேண்டும். முறையாக எடுத்த சாற்றில் உயிருள்ள செல் இருக்காது, அதனால் சாற்றுக்கு இந்தப் பழி இல்லை. 'உயிருள்ள சிவப்பு ஈஸ்ட் பொடி' என்று யாராவது கொண்டுவந்தால் மட்டும் இந்தப் பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஈஸ்ட் எதுவுமே மனிதத் தட்டுக்கு வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. யாரோவியா லிப்போலிட்டிகா என்ற நிறமில்லாத எண்ணெய் ஈஸ்டின், சூட்டில் கொல்லப்பட்ட உலர் பொடியை, துணை உணவாக 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது: பத்து வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 6 கிராம், மூன்று முதல் ஒன்பது வயதுவரை 3 கிராம். நோய் தீர்க்கும் என்ற வாக்குறுதி எதுவும் இல்லாமல், இவ்வளவு சாப்பிட்டால் ஆபத்தில்லை என்பதை மட்டும் காட்டி வாங்கிய அனுமதி. ரோடோடோருலாவும் அந்த வரிசையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். முதலில் இன்ன இனம், இன்ன வகை என்று டிஎன்ஏவோடு அடையாளம். பிறகு சாற்றில் எது எத்தனை சதவீதம் என்ற பட்டியல், கரைப்பான் மிச்சம் உட்பட. அப்புறம் புகைபிடிக்காத இருபது முப்பது பேருக்கு, கொஞ்சம் எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு ஒரு வேளை கொடுத்து, மணிக்கு மணி ரத்தம் எடுத்து, டோருலரோடின் உள்ளே போகிறதா என்று பார்ப்பது.